இரண்டு ரொட்டி

லாசால், மொன்றியல்
2-11-1970

அன்புள்ள குணா,

நலம் விசாரிக்கிற வரிகளை இந்த முறை விட்டுவிடுகிறேன். ஏரோகிராமில் இடம் குறைவு.

இங்கே நடப்பதை நீயும் பேப்பரில் படித்திருப்பாய். பிரெஞ்சுக்காரர்களுக்குத் தனி நாடு கேட்பவர்கள் ஒரு பிரிட்டிஷ் அதிகாரியையும் ஒரு மந்திரியையும் கடத்தினார்கள். மந்திரியைக் கொன்றும்விட்டார்கள். ஊருக்குள் ராணுவம் வந்திருக்கிறது. "நமக்கென்ன, ஆபீஸ் நடக்குது" என்கிறார் உன் மாமா. அவர் காலையில் போனால் இருட்டிய பிறகுதான் வருவார். அதுவரை நானும் நாலாவது மாடியும் ஒரு ஜன்னலும். ஜன்னலில் ஒரு தொழிற்சாலையின் புகைபோக்கி தெரியும். கலியாணமாகி வந்து மூன்று வருடமாக அந்தப் புகைபோக்கியோடுதான் பகல் பொழுது.

போன மாதம் கடைக்குப் போய்விட்டு பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தேன். சிக்னலில் ஒரு ராணுவ லாரி பஸ்ஸை ஒட்டி வந்து நின்றது. பின்பக்கம் துப்பாக்கியோடு பையன்கள், சூயிங்கம் மென்றுகொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு முன் சீட்டில் சால்வை போர்த்திய ஒரு பெண். லாரியைப் பார்த்ததும் எழுந்து ஓடி பஸ்ஸின் கதவை இரண்டு கையாலும் அடிக்க ஆரம்பித்துவிட்டாள். டிரைவர் பிரெஞ்சில் கத்தினார். அவள் உருதுவில் ஒரே வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டே இருந்தாள்: "என்ன விட்டுடுங்க, நான் லாரியில ஏற மாட்டேன்." அவ்வளவு பெரிய பஸ்ஸில் அது எனக்கு மட்டும்தான் புரிந்தது.

நான் எட்டாவது வரை உருதுவில் படித்தவள் என்பது உனக்கு நினைவிருக்க நியாயமில்லை. அப்பா நிஜாம் ரயில்வேயில் இருந்தார், ஹைதராபாத்தில் நாம் காச்சிகுடாவில் இருந்தோம், நீ கைக்குழந்தை. சென்னைக்கு வந்தபின் வீட்டில் அந்த பாஷையே கூடாது என்றுவிட்டாள் அம்மா. இருபது வருடமாகப் பேசாத பாஷை அன்று பஸ்ஸில் என் வாயிலிருந்து வந்தது. "பயப்படாதீங்க ஆபா, நான் கூட வர்றேன்" என்றேன். ஆபா என்றால் அக்கா.

வேடிக்கை என்ன தெரியுமா? அவளும் எங்கள் கட்டடம்தான். இரண்டாவது மாடி. ஒரு வருடமாக ஒரே லிஃப்டில் போய் வந்திருக்கிறோம்.

பெயர் அனீஸா. என்னைவிட எட்டு வயது மூத்தவளாக இருப்பாள். ஜலந்தரில் பிறந்து, பிரிவினையில் லாகூர் போய், அங்கே ஓர் அதிகாரி வீட்டில் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டிருந்தவள். அவர்களோடு இங்கே வந்து, அவர்கள் திரும்பிப் போனபோது தங்கிவிட்டாள். கோட்டு தைக்கிற தொழிற்சாலையில் வேலை. யாரும் இல்லை. உருதுவில் கதை எழுதுகிறாள், குணா. ஒன்று லாகூர் பத்திரிகை ஒன்றில் வந்திருக்கிறது. படித்துவிட்டு அன்று நான் சமைக்கவில்லை.

தமிழில் கொண்டுவரட்டுமா? போடுவாயா?

அம்மாவுக்கு முழங்கால் வலி எப்படி?

உன் அக்கா
வசந்தா


சென்னை-5
4-12-1970

அக்கா,

கேள்வியா இது? அனுப்பு.

நம் ஊர் வாரப் பத்திரிகைக் கதைகளில் கதாநாயகி இன்னும் தலைவாரிப் பூவைத்துக்கொண்டு கதாநாயகனின் காருக்குக் காத்திருக்கிறாள். எங்கள் தெருப் பெண்களோ விடியுமுன்பே கார்ப்பரேஷன் குழாயடியில் ஒருத்தி மண்டையை ஒருத்தி உடைக்கிறார்கள். அதை எழுதினால் பத்திரிகைக்காரன் 'ஆபாசம்' என்று திருப்பி அனுப்புகிறான். அதனால்தானே நானும் நாலு பேரும் சேர்ந்து சம்பளத்தைக் கொட்டி இந்த முந்நூறு பிரதிப் பத்திரிகையை நடத்துகிறோம்.

பிரிவினை நம் ஆட்களுக்குப் பேப்பரில் படித்த சங்கதி. எங்கேயோ வடக்கே யாரோ யாரையோ வெட்டிக்கொண்டார்கள். நமக்கு ரத்தம் படவில்லை, அதனால் நாம் நல்லவர்கள். இந்த நினைப்பில் ஒரு கல் விழ வேண்டும். நல்ல பெரிய கல்லாகப் பார்த்து அனுப்பு.

அம்மா முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு நன்றாகத்தான் இருக்கிறாள். 'பனியில் காதை மூடிக்கொள்ளச் சொல்' என்றாள். நீ உருது பேசுகிறாய் என்று சொன்னேன். எழுந்து போய் விளக்குத் திரியை ஏற்றினாள்.

குணா


லாசால்
18-4-1971

அன்புள்ள குணா,

கதையைத் தனி உறையில் அனுப்பியிருக்கிறேன். நாலு மாதம் ஆகிவிட்டது. அவள் தொழிற்சாலையிலிருந்து வந்து கை கால் கழுவியபின் ஒரு மணி நேரம் உட்காருவோம். நான் தமிழில் எழுதியதைத் திரும்ப உருதுவில் சொல்ல வேண்டும். "இது இல்ல, இன்னும் காஞ்சதா ஒரு வார்த்த போடு" என்பாள். மேலே ஏறி வரும்போதெல்லாம் யாரோடோ பேசிவிட்டு வந்த மாதிரி இருக்கும். உனக்கு அது பெரிய விஷயமாகத் தெரியாது. இங்கே சில நாள் நான் என் குரலையே கேட்பதில்லை.

கதை இதுதான். கலவரத்தில் ஒரு பெண்ணைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். தாய் மட்டும் எல்லை தாண்டி லாகூர் முகாமுக்கு வருகிறாள். ஒரு வருடம் காத்திருக்கிறாள். பிறகு, மகள் செத்துவிட்டாள் என்று தானே முடிவு செய்து, நாற்பதாம் நாள் சடங்கைச் செய்துவிடுகிறாள். மௌல்வி வந்து ஓதுகிறார், முகாமில் நாலு பேருக்குச் சோறு போடுகிறாள், எல்லோரும் துக்கம் கேட்டுவிட்டுப் போகிறார்கள். இன்னொரு வருடம் கழித்து மகளை இந்திய கிராமம் ஒன்றிலிருந்து மீட்டு, ராணுவ லாரியில் முகாமின் வாசலுக்குக் கொண்டுவருகிறார்கள். அவள் பெற்ற ஒரு வயது ஆண் குழந்தையை அங்கேயே விட்டுவிட்டு வரச் சொல்லியிருக்கிறார்கள். அதிகாரி தாயைக் கூப்பிட்டு, "உங்க மக தானே?" என்கிறார். தாய் பார்க்கிறாள். "என் மக செத்துட்டா. நாப்பதாம் நாள் ஓதியாச்சு" என்கிறாள். உள்ளே போகிறாள். மனம் மாறித்தான் போகிறாள் என்று நமக்குத் தோன்றும். தாய் துணியில் சுற்றிய இரண்டு ரொட்டியோடு திரும்பி வருகிறாள். "வழியில சாப்பிடும்மா" என்று, யாரோ ஒரு பெண்ணுக்குச் சொல்வதுபோல் சொல்லிவிட்டுப் போய்விடுகிறாள். லாரி கிளம்புகிறது. அவ்வளவுதான்.

முழுக் கதையும் தாயின் மனசுக்குள்ளிருந்து எழுதியிருக்கிறாள். ஒரு திட்டு இல்லை, ஒரு அழுகை இல்லை.

அனீஸா ஆபா கேட்டது ஒன்றுதான். "கடைசிய மாத்தக் கூடாது. லாகூர்ல ஒரு எடிட்டர் மாத்தச் சொன்னான். கதையத் திருப்பி வாங்கிக்கிட்டு வந்துட்டேன். இன்னொருத்தன் கிடைக்க நாலு வருஷம் ஆச்சு." என் தம்பி அப்படிப்பட்டவன் இல்லை என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

வசந்தா


சென்னை-5
20-7-1971

அக்கா,

கதை கிடைத்தது. ஒரே மூச்சில் படித்தேன். அச்சுக்கோக்கும் தாமோதரன் பாதியில் நிறுத்திவிட்டு பீடி பிடிக்க வெளியே போய்விட்டார். அவர் சினிமா நோட்டீசுக்கும் கலியாணப் பத்திரிகைக்கும் அசையாத ஆள்.

அம்மாவுக்கும் படித்துக் காட்டினேன். பீன்ஸ் நறுக்கிக்கொண்டே கேட்டாள். முடித்ததும் அரைகுறையாக நறுக்கியதை முறத்தோடு எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கதை வேலை செய்கிறது என்று அர்த்தம்.

ஆனால் முடிவைப் பற்றி நாங்கள் ஐந்து நண்பர்களும் ராத்திரி முழுக்கச் சண்டை போட்டோம். கோபப்படாமல் கேள். கிழக்கு வங்காளத்திலிருந்து அகதிகள் லட்சக்கணக்கில் வருகிறார்கள். யுத்தம் வரும் என்கிறார்கள். இந்த நேரத்தில் ஒரு முஸ்லிம் தாய் பெற்ற மகளை வாசலோடு துரத்துகிறாள் என்று போட்டால், டீக்கடையில் உட்கார்ந்திருப்பவன் என்ன சொல்வான்? 'பாத்தியா, அவங்க அப்படித்தான்' என்பான். கல் போக வேண்டிய இடத்துக்குப் போகாமல் திருவல்லிக்கேணி பாய் ஒருவர் தலையில் விழும்.

அதோடு, தாய் அப்படிச் செய்வாளா? எந்தத் தாயும்? அந்த அம்மாள் எந்த வேதனையில் எழுதினாளோ. ஒருவேளை தான் செய்ததையே எழுதியிருக்கிறாளோ என்னவோ. தாய் ரொட்டியோடு வருகிறாள் அல்லவா, அந்த இடத்தில் அவள் கை வாசல் கம்பிக் கதவைத் திறந்தால் போதும். ஒரே வரி. கேட்டுச் சொல்.

குணா


லாசால்
9-8-1971

குணா,

முடியாது. கேட்கவும் மாட்டேன்.

டீக்கடைக்காரன் என்ன சொல்வான் என்று பார்த்து எழுதுவதானால் நீ வாரப் பத்திரிகையிலேயே வேலைக்குச் சேர்ந்திருக்கலாம். சம்பளமாவது வரும்.

எந்தத் தாயும் செய்வாளா என்று கேட்கிறாய். அம்மாவோடு ஒரே கூரையின் கீழ் இருந்துகொண்டு கேட்கிறாய். உனக்கு அம்மாவை முழுக்கத் தெரியும் என்று நினைப்பா?

அப்படியே போடு. இல்லையென்றால் திருப்பி அனுப்பு.

வசந்தா


லாசால்
13-12-1971

குணசீலனுக்கு,

'அன்புள்ள' என்று எழுதக் கை வரவில்லை.

பத்திரிகை வைத்த உன் உறை நவம்பர் கடைசியில் வந்தது. நான் செய்த மடத்தனம், அதை என் வீட்டில் பிரிக்கவில்லை. இரண்டு பேருமாகப் பிரிக்க வேண்டும் என்று அப்படியே கீழே எடுத்துக்கொண்டு போனேன். அவள் சேமியா பாயசம் வைத்திருந்தாள். முக்காடு போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். தன் பெயர் தமிழில் எப்படி இருக்கிறது என்று விரலால் தடவிப் பார்த்தாள். நான் அச்சைப் பார்த்தபடியே உருதுவில் சொல்லிக்கொண்டு போனேன். கடைசிப் பக்கத்தில், கண் படித்ததை வாய் சொல்லிவிட்டது. 'அவள் கை வாசல் கம்பிக் கதவைத் திறந்தது. மகளை மார்போடு அணைத்துக்கொண்டாள்.' சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது.

"நிறுத்து. இன்னொரு தரம் சொல்லு" என்றாள்.

சொன்னேன். வேறென்ன செய்ய.

"திறந்தாளா?"

"அச்சுல அப்படி இருக்கு ஆபா. நான் எழுதினது இது இல்ல. என் தம்பி..."

"உன் தம்பி அங்க இருந்தானா?"

"இல்ல."

"நான் இருந்தேன். லாரிக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டிருந்தேன். அவள மன்னிக்கிறதா இருந்தா நான்தானே மன்னிக்கணும்? இருபத்திரண்டு வருஷமா என்னால முடியாதத உன் தம்பி ஒரு வரியில பண்ணிட்டானா?"

புரிகிறதா? நீ நினைத்ததுபோல் அவள் அந்தத் தாய் இல்லை. வாசலில் நின்ற மகள். நாலு மாதம் அவளோடு உட்கார்ந்து தாயின் மனசை வார்த்தை வார்த்தையாகத் தமிழாக்கிய எனக்கே அது தெரியவில்லை. நான் கேட்டதில்லை.

அவள் கத்தவில்லை. எழுந்து போய்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள், நான் போவதற்கு. பாயசம் மேஜைமேல் இருந்தது.

அதன் பிறகு யுத்தம் வந்துவிட்டது. நேற்று பாலத்தைத் தாண்டி புரோசார்டில் ஒரு தமிழ் டாக்டர் வீட்டுக்கு இங்குள்ள நம் ஆட்கள் எல்லோரும் போயிருந்தோம். பத்மா அவர் மனைவி. இட்லிப் பாத்திரத்துக்கும் சட்னிக்கும் நடுவில் ரேடியோ. "டாக்கா இன்னும் ரெண்டு நாள்தான்" என்றார் ஒருவர். எல்லோரும் கை தட்டினார்கள். பத்மா என் பக்கம் திரும்பி, "ஏங்க வசந்தா, உங்க பாகிஸ்தான் அக்கா என்ன பண்றாங்க? வீட்டுல குண்டு கிண்டு செய்றாங்களா?" என்றாள். ஒரே சிரிப்பு.

"கோட்டு தைக்கிறாங்க. உங்க வீட்டுக்காரரோடது வாசல்ல தொங்குதே, அந்த மாதிரி" என்றேன்.

சிரிப்பு நின்றுவிட்டது. அவள் எல்லைக்கு அந்தப் பக்கம் விட்டுவிட்டு வந்த குழந்தைக்கு இப்போது இருபத்து மூன்று வயது. அவன் இந்தியாவில் வளர்ந்தவன். இந்த யுத்தத்தில் துப்பாக்கி தூக்கியிருந்தால் நம் பக்கம்தான் தூக்கியிருப்பான். அதை அங்கே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

திரும்பும்போது காரில் உன் மாமா, "எதுக்கு அப்படிப் பேசற? இந்த ஊர்ல நமக்குன்னு இருக்கிற மனுஷங்க அவங்கதான்" என்றார். "உங்களுக்கு" என்றேன். அவர் இன்றும் என்னோடு பேசவில்லை.

தினமும் மாலையில் இரண்டாவது மாடிக்குப் போய்க் கதவைத் தட்டுகிறேன். உள்ளே விளக்கு எரிகிறது. திறப்பதில்லை. இந்த ஊரில் எனக்கு இருந்த ஒரே கதவு அது. அதை நீதான் மூடினாய்.

ஏன் செய்தாய் என்று எழுது. டீக்கடை கதையெல்லாம் வேண்டாம்.

வசந்தா


சென்னை-5
2-1-1972

அக்கா,

செருப்பால் அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. வலிக்கட்டும்.

நடந்ததைச் சொல்கிறேன். உன் ஆகஸ்ட் கடிதத்துக்குப் பிறகு நான் முடிவை மாற்றுவதில்லை என்றுதான் இருந்தேன். இது நிஜம். நீ எழுதியபடியே கோத்து, திருத்தி, எழுத்துகளைச் சட்டத்தில் இறுக்கிப் பாரம் முடுக்கி, மெஷினில் ஏற்றத் தயாராக இருந்தது. வீட்டுக்கு வந்தேன். அம்மா சாப்பாடு போட்டாள். போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். அவள் அப்படி உட்காருவதே கிடையாது.

"அந்தக் கத வருதா?"

"நாளைக்கு அச்சாகுதும்மா."

"அந்தப் பொண்ண உள்ள கூப்பிடச் சொல்லுடா" என்றாள்.

"அது கதைம்மா."

"கததானே? அப்ப கூப்பிடறதுல உனக்கென்னடா நஷ்டம்?" என்று சொல்லி, அக்கா, அம்மா அழுதாள். அப்பா செத்தபோது சத்தம் வராமல் அழுதவள், எச்சில் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. வயசானவள், பெண் பிள்ளையை அவ்வளவு தூரத்தில் கொடுத்துவிட்டு இருப்பவள், உன்னை நினைத்துக்கொள்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

காலையில் அச்சுக்கூடம் போய், பாரத்தைத் தளர்த்தி, அந்த நாலு வரியை நானே என் கையால் பிரித்துப் போட்டுவிட்டு வேறு கோத்தேன். தாமோதரன், "சார், அது நல்லா இருந்துச்சே" என்றார். "உன் வேலையப் பாருய்யா" என்றேன்.

தாய்ப்பாசம், மனிதநேயம் என்று பிறகு நண்பர்களிடம் ஏதேதோ சொன்னேன். எல்லாம் புருடா. அம்மா அழுதாள், மாற்றினேன். அந்த அம்மாளிடம் இதைச் சொல்ல முடியுமானால் சொல்.

குணா


லாசால்
23-1-1972

குணா,

அம்மா என்னை நினைத்து அழவில்லை.

இதை உனக்கு எழுதும் நாள் வரக் கூடாது என்றுதான் இருந்தேன். நாற்பத்தெட்டில் உனக்கு ஒரு வயது. ரஜாக்கர்கள் என்று நிஜாமுக்காகத் தடியும் துப்பாக்கியுமாக ஒரு கூட்டம் ஹைதராபாத்தில் இந்துக்களை என்ன பாடு படுத்தியது என்று அப்பா சொல்லிக் கேட்டிருப்பாய். அதை எல்லோரும் சொல்வார்கள். செப்டம்பரில் இந்திய ராணுவம் உள்ளே வந்து நிஜாம் அடங்கியபின், வெளி ஜில்லாக்களில் முஸ்லிம்களுக்கு என்ன நடந்தது என்பதை நம் வீடுகளில் யாரும் சொல்வதில்லை. பீதர் பக்கமிருந்து ஜனங்கள் ஊருக்குள் ஓடிவந்துகொண்டே இருந்தார்கள். பெரும்பாலும் பெண்கள்தான்.

ஒரு மத்தியானம். அப்பா ஆபீசில். நீ தூளியில். பின்கதவைத் தட்டும் சத்தம். அம்மா சங்கிலியை எடுக்காமல் கொஞ்சம் திறந்தாள். நான் அவள் முதுகுக்குப் பின்னால். வெளியே ஒரு நடுத்தர வயதுப் பெண், கையில் என் வயசுப் பெண் ஒருத்தியைப் பிடித்துக்கொண்டு. தனக்கென்று ஒன்றும் கேட்கவில்லை. "இவ மட்டும் ராத்திரிக்கு உள்ள இருக்கட்டும். இவங்க அப்பாவத் தேடிட்டுக் காலையில வந்து கூட்டிக்கிறேன்" என்றாள். அந்தச் சிறுமி என்னைப் பார்த்தது. அதன் சடையில் ஸ்கூல் ரிப்பன் இருந்தது.

"உங்க ஆளுங்க எங்கள என்ன பண்ணாங்க தெரியுமா?" என்றாள் அம்மா. நல்ல உருதுவில். நம் வீட்டில் அம்மாதான் என்னைவிட நன்றாகப் பேசுவாள், உனக்குத் தெரியாது. கதவைச் சாத்தினாள். அவர்கள் உடனே போகவில்லை. அந்தப் பக்கம் நிற்பது தெரிந்தது. இந்தப் பக்கம் அம்மா கதவில் முதுகை வைத்து நின்றாள். பிறகு நீ அழுதாய், அவள் தூளிக்குப் போனாள்.

அன்றிலிருந்து அவள் உருது பேசவில்லை. அடுத்த மாதமே ஹைதராபாத்தை விட்டுக் கிளம்ப வேண்டும் என்று அப்பாவைப் பிடுங்க ஆரம்பித்தாள்.

எனக்கு அம்மாமேல் கோபம் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். பயந்திருந்தாள், கைக்குழந்தை வைத்திருந்தாள், எல்லாம் சரி. ஆனால் அவள் கூப்பிட வேண்டிய பெண் அந்தப் பெண். அவளைக் கூப்பிட முடியவில்லை என்பதற்காக இன்னொருத்தியின் வாசலைத் திறந்துவிட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்க முடியாது. அனீஸா பட்டது அனீஸாவுடையது. அதை எடுத்து நம் வீட்டுக் காயத்துக்குக் கட்டுப் போட நமக்கு உரிமை இல்லை.

நிஜ முடிவை அச்சடி. எனக்காக அல்ல. அவள் உன்னிடம் கேட்டது அது ஒன்றுதான்.

கதவு இன்னும் திறக்கவில்லை. லிஃப்டில் பார்த்தால் இறங்கி மாடிப்படி வழியாகப் போகிறாள். பனி மூன்று அடி கிடக்கிறது.

வசந்தா


சென்னை-5
14-3-1972

அக்கா,

கடிதத்தை மூன்று நாள் பையிலேயே வைத்துக்கொண்டு அலைந்தேன். பிறகு அம்மாவிடம் கேட்டேன். மறைத்துக் கேட்கத் தெரியவில்லை. "காச்சிகுடாவுல பின்கதவுக்கு ஒரு பொம்பள வந்தாளாமே" என்றேன்.

துணி மடித்துக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை. கடைசித் துணியையும் மடித்து வைத்துவிட்டு, "பேருகூடக் கேக்கலடா" என்றாள். அவ்வளவுதான்.

"அந்தக் கதையோட சரியான முடிவப் போடப் போறேன்" என்றேன். "போடு" என்றாள். "எனக்குப் படிச்சுக் காட்டாத."

இந்த இதழில் முதல் பக்கத்திலேயே போட்டிருக்கிறேன். மேலே இப்படி எழுதினேன்: 'சென்ற இதழில் வெளியான கதையின் முடிவு ஆசிரியை எழுதியதல்ல. பத்திரிகை ஆசிரியன் மாற்றியது. மாற்ற அவனுக்கு உரிமை இல்லை. ஆசிரியை எழுதிய முடிவு இது.' தாமோதரன் ஒரு பிழை இல்லாமல் கோத்தார். இரண்டு நண்பர்கள் விலகிக்கொண்டார்கள். யுத்தம் ஜெயித்திருக்கும் சமயத்தில் பாகிஸ்தான்காரிக்கு முதல் பக்கமா என்றார்கள். போகட்டும். யார் யார் எதற்காகப் பத்திரிகை நடத்தினோம் என்பது இப்போதுதான் தெரிகிறது.

விமானத் தபாலில் ஒரு பிரதி. அந்த அம்மாளிடம், மன்னிக்கவும், அனீஸா அக்காவிடம் கொடு. அவர்களுக்கு அதைப் படிக்கத் தெரியாது என்பது தெரியும். இருந்தாலும்.

குணா


லாசால்
10-4-1972

அன்புள்ள குணா,

பத்திரிகை வந்தது. இந்த முறை வீட்டில் பிரித்து, மூன்று தடவை படித்துவிட்டுத்தான் கீழே போனேன்.

தட்டினேன். உள்ளே தையல் மெஷின் ஓடுகிற சத்தம். சனிக்கிழமைகளில் வீட்டிலும் தைக்கிறாள். "ஆபா, நீங்க எழுதினபடியே வந்திருக்கு. கேட்டாப் போதும், திறக்க வேணாம்" என்றேன். மெஷின் நிற்கவில்லை.

நடைவழியில் நின்றபடியே உருதுவில் சொல்லிப் படிக்க ஆரம்பித்தேன். உன் குறிப்பை முதலில், பிறகு முடிவை. மெஷின் சத்தத்துக்கு மேல் கேட்க வேண்டும் என்று உரக்கப் படித்தேன். எதிர்வீட்டு இத்தாலியர் கதவைத் திறந்து பார்த்தார். அவர் மனைவி பின்னால் வந்து நின்றாள். எந்த பாஷை என்றுகூடத் தெரியாமல் இரண்டு பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். 'என் மகள் செத்துவிட்டாள், நாற்பதாம் நாள் ஓதியாயிற்று' என்ற இடத்தில் மெஷின் நின்றது. நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் என்னால் மறுபடி ஆரம்பிக்க முடியாது. தாய் உள்ளே போனாள். துணியில் சுற்றிய இரண்டு ரொட்டியோடு வந்தாள். வழியில் சாப்பிடச் சொன்னாள். லாரி கிளம்பியது.

முடித்துவிட்டு நின்றேன். இத்தாலியர் மரியாதையாகத் தலையை அசைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

பிறகு உள்ளிருந்து குரல் வந்தது. கதவுக்கு மிகப் பக்கத்தில். எப்போது எழுந்து வந்தாளோ.

"ஒண்ணு."

"என்ன ஆபா?"

"ரொட்டி ஒண்ணுதான் கொடுத்தா. ரெண்டுன்னு நான்தான் எழுதினேன்."

நான் கதவில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். செருப்புச் சத்தம் உள்ளே போனது. கொஞ்ச நேரத்தில் மெஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது. நான் படியேறி மேலே வந்துவிட்டேன்.

உன் மாமா, "யாரோட பேசிட்டு வர்ற?" என்று கேட்டார். நாலு மாதத்தில் அவராகக் கேட்ட முதல் கேள்வி.

குணா, இதை அடுத்த இதழில் திருத்தம் என்று போட்டுவிடாதே. இரண்டாகவே இருக்கட்டும்.

வசந்தா